பின்பக்கம் ஆடும் பிக்கப்: பட்டை சேர்ப்பதற்கு முன்

வண்டி பின்னால் ஆடுகிறது என்று சொன்னால் மதுரைப் பக்கம் யாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "இரண்டு பட்டை சேர்த்துப் போட்டுவிடுங்கள்." பட்டை என்றால் வண்டியின் பின்னால் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு. மாட்டுத்தாவணிச் சந்தையில் சுமை இறக்கக் காத்திருக்கும் டிரைவர்கள் இதைச் சொல்வார்கள். டீக்கடையிலும் இதே பேச்சுதான். ஸ்பிரிங் பட்டறைகளிலும் பெரும்பாலும் இதுவே முதல் யோசனை. எங்கள் வீட்டு பிக்கப்பிற்கும் அப்படித்தான் பட்டை சேர்த்தோம். அதன் பலனை ஒரு மழை நாளில் ஆண்டிபட்டிக் கணவாயில் பார்த்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டை சேர்ப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. பட்டை கனத்தைத் தாங்குவதற்கான பொருள். வண்டி ஆடுவதற்குக் கனம் மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆட்டம் என்ற ஒரே சொல்லை நாம் நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்குப் பயன்படுத்துகிறோம். மருந்துக் கடைக்குப் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்குவதைப் போன்றது இது.

எந்த ஆட்டம்?

சுமை ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அது அமுங்கல். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் மேலும் கீழுமாக நான்கைந்து முறை ஏறி இறங்கினால் அது குதிப்பு. வளைவில் திரும்பும்போது வண்டியின் மேல்பாகம் வெளிப்பக்கமாகப் படுத்தால் அது சாய்வு. நேர்ச் சாலையிலேயே பின்பக்கம் இடமும் வலமுமாக நழுவ, ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் அது அலைச்சல்.

அமுங்கலைப் பட்டை கவனிக்கிறது, குதிப்பை ஷாக் அப்சார்பர் கவனிக்கிறது. சாய்வைத் தீர்மானிப்பவை சுமையின் உயரமும், சாய்வை முறுகி எதிர்க்கும் ஸ்டெபிலைசர் கம்பியும். அலைச்சலுக்குப் பெரும்பாலும் டயர் காற்று, போல்ட், ரப்பர் என்ற சின்னச் சின்னப் பொருட்களே காரணம். இவை எல்லாம் சேர்ந்த அமைப்புக்குத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர். சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இணைத்து, சாலையின் அடியை உடலுக்குக் கடத்தாமல் தாங்கும் அமைப்பு அது.

வில்வண்டியின் வில்

நம் ஊரில் வசதியான வீடுகளில் முன்பு வில்வண்டி இருந்தது. சாதாரணக் கட்டை வண்டியில் இருசு மரத்தின் மேல் வண்டியின் உடல் நேராக உட்கார்ந்திருக்கும். கல்லில் சக்கரம் ஏறினால் அடி நேரே முதுகெலும்புக்கு வரும். வில்வண்டியில் இரண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகள் இருந்தன. அந்தப் பட்டைகளால்தான் அதற்கு வில்வண்டி என்ற பெயரே வந்தது. இன்றைய பிக்கப்பின் பின்னால் இருப்பதும் அதே வில்தான். ஒன்றின் கீழ் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். லீஃப் ஸ்பிரிங் என்று புத்தகம் சொல்லும், பட்டை என்று பட்டறை சொல்லும்.

காரில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் இருக்கும்போது பிக்கப்பில் ஏன் இன்னும் பட்டை? சுமைதான் காரணம். காரில் ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் எடை வித்தியாசம் மூன்று நான்கு மூட்டை அளவுதான். பிக்கப் காலையில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் வெறும் தொட்டியாகத் திரும்பும். அந்தக் கனத்தைத் தாங்கும் வேலையோடு, பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கும் வேலையையும் பட்டையே செய்கிறது. பட்டையின் முன்முனை வண்டியின் அடிச்சட்டத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின்முனை ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் சிறு இணைப்பில் தொங்கும். வளைந்த பட்டை கனத்தில் நிமிரும்போது நீளும் அல்லவா, அந்த நீட்சிக்கு வழிவிடத்தான் ஷாக்கிள்.

பல வண்டிகளில் அடுக்கின் அடியிலோ மேலோ கனமான ஒரு தகடு மற்றவற்றோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். வெறும் வண்டியில் அதற்கு வேலை இல்லை. சுமை கூடி மற்ற பட்டைகள் நிமிர்ந்த பிறகே அது தாங்கத் தொடங்கும். சுமையில்லாதபோது மென்மை, சுமையோடு இறுக்கம் என்ற இரண்டையும் ஒரே வண்டியில் கொண்டுவர அதை வடிவமைத்தவர்கள் செய்த ஏற்பாடு இது. கண்ணை மூடிக்கொண்டு பட்டை சேர்க்கும்போது முதலில் கெடுவது இந்த ஏற்பாடுதான். எப்போதும் இறுகிக் கிடக்கும் பட்டை, சுமையில்லாதபோது வளைய மறுக்கிறது. பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தாண்டிப் போகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது?

இன்னொன்றும் உண்டு. பட்டை கூடியதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது. பிரேக், அச்சு, பேரிங், டயர் எல்லாம் பழைய கனத்துக்குச் செய்தவைதான்.

ஊஞ்சலும் தரையில் உரசும் காலும்

வீட்டு ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் அது தானாக நிற்க வெகுநேரம் ஆகும். உட்கார்ந்திருப்பவர் காலைத் தரையில் லேசாக உரசினால் இரண்டே ஆட்டத்தில் நின்றுவிடும். பட்டை ஊஞ்சல் என்றால், உரசும் கால்தான் ஷாக் அப்சார்பர்.

அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை சைக்கிள் பம்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். பம்பின் வாயை விரலால் முக்கால் பங்கு அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். வேகமாக அழுத்தினால் கடுமையாக எதிர்க்கும், மெதுவாக அழுத்தினால் வழிவிடும். ஷாக் அப்சார்பரில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய். சக்கரம் ஏறி இறங்கும்போது உள்ளே உள்ள பிஸ்டன் அந்த எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்குகிறது. குதிக்க வேண்டிய சக்தி சூடாக மாறிப் போய்விடுகிறது.

இந்தச் சூடே நல்ல சோதனை. மோசமான சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, சைலன்சர் பக்கம் கை போகாமல் கவனமாக, பின்பக்கத்து இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது செத்துவிட்டது. உடல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருந்தாலும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலும் அதே முடிவுக்கு வரலாம். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பட்டையைக் கூட்டினால் குதிப்பு அடங்காது. எதிர்க்கும் விசை அதிகமானால் அதை அடக்க ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ற வலுவோடு இருக்க வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பட்டை போடுவது, ஊஞ்சலை இன்னும் பலமாகத் தள்ளிவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்வதற்குச் சமம்.

சிமெண்டும் வைக்கோலும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சோழவந்தான் வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் உருளைகள் பிக்கப்பில் ஏறி உசிலம்பட்டிப் பக்கம் போகும். நாற்பது உருளை ஏற்றினால் வானளாவ நிற்கும். உருளை ஒன்று 16 கிலோ என்றால் மொத்தம் 640 கிலோ. அதே வண்டியில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை 24 ஏற்றினால் 1,200 கிலோ. எடையில் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் வளைவில் எது அதிகமாகப் படுக்கிறது என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் வைக்கோல் என்பார்.

ஏன்? எடை மையம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளின் மொத்தக் கனமும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிதான் எடை மையம். கணக்குக்காக வெறும் வண்டி 1,700 கிலோ என்றும், அதன் எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் என்றும், தொட்டியின் தளம் 80 செ.மீ. உயரத்தில் என்றும் கொள்வோம். சிமெண்ட் இரண்டு அடுக்குதான், கால் மீட்டர் உயரம். வைக்கோல் இரண்டு மீட்டர் உயரம். இரண்டையும் வண்டியோடு சேர்த்துக் கணக்கிட்டால், சிமெண்ட் வண்டியின் எடை மையம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் இருக்கும். வைக்கோல் வண்டியுடையது சுமார் 96 செ.மீ. பாதிக் கனத்தோடு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிட்டது.

வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை இந்த எடை மையத்தைப் பிடித்துத்தான் தள்ளுகிறது. தலையில் கூடையோடு டவுன் பஸ்ஸில் நிற்பவரையும், அதே கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள். கூடையின் கனம் ஒன்றுதான், பஸ் திரும்பும்போது தடுமாறுபவர் யார்? அதே பஸ்ஸில் காலை அகட்டி நிற்பவர் தடுமாற மாட்டார். வண்டியின் காலகலம் என்பது இரண்டு பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம். ஆனால் உடலைத் தாங்கும் பட்டைகள் சக்கரங்களுக்கும் உள்ளே, சட்டத்துக்கு அடியில், இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. அதாவது, அகட்டி நிற்கும் மனிதனின் மேலுடம்பு ஒரு குறுகிய முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பட்டை வைத்த வண்டிகள் இயல்பாகவே சாயும் சுபாவம் கொண்டிருப்பதன் காரணம் இது.

பட்டை சேர்த்தால் சாய்வு சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் வளைவு கூடிய புதுப் பட்டை உடலைத் தூக்கிவிடும், எடை மையமும் கூடவே ஏறும். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொள்ளும் வேலை.

வேகத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குப் பதில் 60-இல் போனால் வெளித்தள்ளும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறும். சிறுமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றி இறங்கும் டிரைவர்கள் இந்தக் கணக்கைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் கால் அதை அறியும்.

நகரும் சுமை இன்னும் ஆபத்து. பாதி நிறைந்த தண்ணீர்த் தொட்டி, முழுதும் நிறைந்த தொட்டியைவிட மோசமாக வண்டியை ஆட்டும். வளைவில் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் ஓடி, எடை மையத்தையும் தன்னோடு இழுத்துப் போகிறது. தை மாதத்தில் பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் காளைகளை ஏற்றிச் செல்பவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். நான்கு காலில் நிற்கும் உயரமான, உயிருள்ள சுமை அது. தளத்தில் வைக்கோலோ மண்ணோ பரப்பிக் காலுக்குப் பிடிப்புக் கொடுத்து, தொட்டியின் நடுவில் நிற்கும்படி கட்டி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தால் காளையும் தடுமாறாது, வண்டியும் தடுமாறாது.

ஆக, சாய்வுக்கு முதல் மருந்து காசில்லாதது: கனமானதை அடியில், இடம் வலம் பார்த்தால் நடுவில், தொட்டியின் முன்சுவரை ஒட்டி ஏற்றுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் கனம் குவிந்தால் ஏற்றப் பலகை போல முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் பஞ்சு போல லேசானால் அது சுகம் அன்று, முன் சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன என்று பொருள்.

இருவர் பிழியும் ஈர வேட்டி

நனைந்த வேட்டியின் இரு முனைகளை இருவர் பிடித்திருக்கிறார்கள். இருவரும் ஒரே திசையில் சேர்ந்து சுழற்றினால் வேட்டி முறுக்கேறாது. எதிரெதிராகச் சுழற்றினால் முறுகி இறுகி எதிர்க்கும்.

ஸ்டெபிலைசர் கம்பி செய்வது இதுதான். அகன்ற 'ப' வடிவில் வளைத்த உருண்டை எஃகுக் கம்பி அது. நடுப்பகுதி அச்சிலும் இரு முனைகள் சட்டத்தின் இரு பக்கங்களிலும் பிணைந்திருக்கும். சில வண்டிகளில் இது மாறியும் இருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது கம்பி சும்மா கூடவே ஏறுகிறது. வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்போது மட்டும் முறுகி, சாய்வை எதிர்க்கிறது. பட்டையை இறுக்காமல், சாய்வை மட்டும் குறி வைத்துத் தடுப்பதுதான் இதன் அழகு. பல சிறிய சரக்கு வண்டிகளில் பின்பக்கம் இது இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அதன் முனை இணைப்பும் ரப்பரும் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு முனை கழன்ற கம்பி இருந்தும் இல்லாததே.

கம்பியின் தடிமனில் பேராசை வேண்டாம். முறுக்கை எதிர்க்கும் வலு, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர் போட்டால் வலு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிவிடும். பின்பக்கம் அவ்வளவு இறுகினால், வளைவில் கனமெல்லாம் வெளிப்பக்கப் பின் டயர் ஒன்றின்மேலேயே விழும். சுமையில்லாத வண்டி, ஈரச் சாலை, அளவு மீறிய கம்பி மூன்றும் சேர்ந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். உங்கள் வண்டிக்கென்று செய்த அளவைத் தாண்ட வேண்டாம்.

தானாகத் திரும்பும் பின் சக்கரம்

வண்டி சாயும்போது ஒரு பக்கப் பட்டை நிமிர்கிறது, மறுபக்கப் பட்டை இன்னும் வளைகிறது. நிமிர்ந்தால் நீளும், வளைந்தால் குறுகும் என்று பார்த்தோம். அப்படியானால் அச்சின் ஒரு முனை சற்றுப் பின்னாலும் மறுமுனை சற்று முன்னாலும் நகர வேண்டும். டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே பின் சக்கரங்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்கின்றன. எல்லாம் இறுக்கமாக இருந்தால் இது உணர முடியாத அளவு. பட்டையின் முனையில் சுருட்டிய காதுக்குள் இருக்கும் புஷ் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவானால், இந்த நகர்வு பெருகி அலைச்சலாகிறது.

புஷ்ஷைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்துவது யூ போல்ட். பட்டை அடுக்கையும் அச்சையும் சேர்த்து இறுக்கும் 'ப' வடிவ போல்ட்டுகள் அவை. அவை தளர்ந்தால் அச்சை இடத்தில் நிறுத்துவது அடுக்கின் நடுவே செல்லும் ஒற்றை சென்டர் போல்ட் மட்டுமே. அந்த வேலைக்கு அது பிறக்கவில்லை, ஒருநாள் அறுந்துவிடும். அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்துவிட்ட வண்டியைச் சாலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். உடல் கோணலாக, நண்டு போல ஒருக்களித்து ஓடும்.

டயரில் காற்று குறைந்தாலும் இதே உணர்வுதான் வரும், ஏனெனில் டயரின் பக்கச் சுவர் வளைந்து கொடுக்கிறது. ஓடிச் சூடாகும் முன்பு, காலையில் காற்றைப் பாருங்கள். சுமை ஏற்றும் நாளுக்கும் வெறும் வண்டிக்கும் பின் டயரின் காற்றளவு வேறு. கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இரண்டும் இருக்கும். ஆடி மாதத்தில் பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அம்மியையே பறக்கவைக்கும் காற்று, உயர்ந்த வைக்கோல் சுமையை விட்டுவைக்குமா?

எங்கள் வண்டியில்

எங்கள் வண்டி நேர்ச் சாலையிலேயே அலைந்தது. நாங்கள் அதை ஆட்டம் என்றோம். பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தார்கள். சுமையோடு போகையில் நன்றாகத்தான் இருந்தது. தேனியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது தூறல். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவில் சாலை ஒட்டுப் போட்ட இடத்தில் பின்பக்கம் குதித்தது, குதித்த கையோடு ஒன்றரை அடி வெளியே தள்ளிப் போயிற்று. அண்ணன் பிரேக்கைத் தொடாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டதால் வண்டி மீண்டது. எதிரே பஸ் எதுவும் வரவில்லை.

அடுத்த நாள் வேறொரு மெக்கானிக் பெரியவர் அடியில் படுத்துப் பார்த்தார். யூ போல்ட் ஓரத்தில் விரலைத் தேய்த்து வெளியே நீட்டினார். விரல் நுனியில் செங்காவித் தூள்.

"இது வெறும் துரு இல்லை தம்பி, இரும்பு இரும்போடு உரசுகிற தூள். போல்ட் தளர்ந்து பல மாதம் ஆகியிருக்கும். பட்டைக்குப் பசி இல்லை, நீங்கள் சோறு ஊட்டியிருக்கிறீர்கள்."

சேர்த்த பட்டைகளைக் கழற்றினார். யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிது, நான்கு காதுக்கும் புது புஷ், செத்துப்போன ஒரு ஷாக் அப்சார்பருக்காக ஒரு ஜோடி. பட்டை சேர்த்ததற்கு ஆன செலவைவிட இது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அலைச்சல் அன்றோடு நின்றது. வைக்கோல் சுமையின் சாய்வு மட்டும் இருந்தது, அதற்கு உருளையை ஓர் அடுக்கு குறைத்து ஏற்றுகிறோம்.

அவரிடம் நான் கற்ற இரண்டு செய்திகளை, வேலை செய்யக் கொடுப்பவர்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஒன்று, ரப்பர் புஷ் மாட்டும்போது வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கையில் காது போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று கனம் பட்டையில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். இரண்டாவது, புது யூ போல்ட் முதல் சில சுமைகளில் சற்று இளகும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காருவதால். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுபோய், கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நாங்கள் போன அன்று பக்கத்துக்குக் கால் சுற்று இறங்கியது.